திரை நாலு விரல் குட்டை

இந்த வீட்டுச் சமையக்கட்டு ஜன்னல், எதிர்வீட்டுச் சமையக்கட்டு ஜன்னல், நடுவுல ஆறடிச் சந்து. அங்க ஒரு அம்மா. இங்க ஒரு ஆம்பளை. ரெண்டு பேருக்கும் தனித்தனியா கல்யாணம் ஆயிடுச்சு.

நான் இன்னும் கதையவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்ன சிரிப்பு? வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க.

ஆம்பளை, நிலம் அளக்கிற சர்வேயர். அவர் அளந்தா ஒரு விரல் பிசகாது. ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை சமையலும் அவர்தான். "என் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"னு மீசையை வேற தடவிக்குவார்.

சம்சாரம் ஒருநாள் ஆரம்பிச்சாங்க. "ஏங்க, அந்த ஜன்னலுக்கு ஒரு திரை தைக்கணும். நீங்க அடுப்புப் பக்கம் போனாலே எதிர்வீட்டம்மா வந்து ஒட்டிக்கிறா. கையை வேற ஆட்டுறா."

"கொசு விரட்டுறாங்களா இருக்கும்."

"ரெண்டு விரலைக் காட்டுனாளே, அது ரெண்டு கொசுவா?"

சர்வேயருக்கு இருமல் வந்துடுச்சு. "நா... நானே தைச்சுடறேன், விடு."

தைச்சார். திரை நாலு விரல் குட்டை.

"மடிப்புக்குத் துணி விட மறந்துட்டேம்மா."

"அடுத்தவன் நிலத்துல அரை விரல் குறைஞ்சா ஊரையே கூட்டுவீங்க!"

வேற துணி வந்துச்சு. இந்தத் தடவை அளவு சரி. ஆனா கம்பி நுழையுற மடிப்புக்கு ரெண்டு பக்கமும் வாயைத் தைச்சு மூடிட்டார். கம்பி எந்த வழியாப் போகும்?

அதைப் பிரிக்கச் சொன்னதும் மெஷின் ஊசி உடைஞ்சிடுச்சு. தானா உடைஞ்சுதாம்.

"திரை வேண்டாம்னா நேரா சொல்லுங்களேன்."

"சேச்சே! இந்த ஞாயிறு மட்டும் போகட்டுமேன்னு..."

"ஞாயித்துக்கிழமைதானே எங்கண்ணன் சாப்பிட வர்றார்? அவர் முன்னாடியுமா அவ கையாட்டணும்?"

அந்த அண்ணன் சாதாரண ஆளில்ல. "மாப்ளைக்கு வெந்நீர் வைக்கவே வராது"ன்னு நாலு பேர் நடுவுல சொன்னவர். ஒரு வாய் சாப்பிட்டுட்டு அந்தப் பேச்சை வாபஸ் வாங்கணும்னுதான் சர்வேயரே கூப்பிட்டிருந்தார்.

சம்சாரம் புது ஊசி போட்டு உட்கார்ந்தாங்க. தடதடதட. கால் மணி நேரத்துல திரை ரெடி.

ஞாயித்துக்கிழமை. சட்டியில கோழி கொதிக்கிற நேரம் பார்த்து மாட்டி, சர்ருனு இழுத்து விட்டாங்க. "இப்பக் காட்டட்டும் விரலை!"

சர்வேயர் சட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டுச்சு. ஓரத்தை மெல்லத் தூக்கினார்.

பின்னாடி சம்சாரம் "க்கும்!"னு ஒரு சத்தம். டக்குனு விட்டுட்டார்.

மச்சான் வந்தார். உட்கார்ந்தார். முதல் வாய் வச்சார். மெல்லறது நின்னு போச்சு. ஒரு சொம்புத் தண்ணி காலி.

"மாப்ளே, கடல் தண்ணியிலயா சமைச்சீங்க?"

"அது... கொஞ்சம் தரமான உப்பு, மச்சான்."

அப்பதான் காலிங் பெல். கதவைத் திறந்தா எதிர்வீட்டுக்காரர், மூச்சு வாங்க நிக்கிறார். உள்ள யார் இருக்காங்கன்னுகூடப் பார்க்கல.

"சார், சாப்பிட்டுடாதீங்க! திரை மூடறதுக்கு முன்னாடியே ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டாச்சாம். வழக்கம்போல மறந்துட்டு மறுபடி போட்டிருப்பீங்கன்னு என் வீட்டுக்காரி பதறிட்டு இருக்கா! ஆறு மாசமா உப்புக்கு ரெண்டு விரல், தண்ணிக்கு மூணு விரல்னு காட்டிக்காட்டி அவளுக்குத் தோள்பட்டையே பிடிச்சுக்கிச்சு. இருந்தாலும் மச்சான் முன்னாடி உங்க மானம் போயிடக் கூடாதாம், ரகசியமா காதோட சொல்லிட்டு வரச் சொன்னா!"