குனியாதீங்க!

"எங்க சாமுராய் ஒரே பாய்ச்சல்ல ஜப்பானையே மண்ணைக் கவ்வ வெச்சுதுங்க தம்பி!" என்றார் தன் நாயைக் காட்டி, ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர் அங்கமுத்து.

பனியன் கம்பெனி பூபாலன் சிரித்தான். நாளை அவனிடம் சரக்கு வாங்க ஜப்பான் பையர் வருகிறார். இந்தப் பெயருள்ள நாயைக் காட்டினால் மனுசன் ஆர்டரை அள்ளிக் கொடுப்பார் என்று அதை ஒரு நாள் இரவல் கேட்டு வந்திருந்தான்.

"வேண்டாங்க. இதுக்கு இந்தப் பேரு வெச்ச எம் பழைய முதலாளிகிட்ட வந்த ஜப்பான் பையர், மூக்கு கிழிஞ்சு, கொண்டாந்த ஆர்டரோடயே ஓடிட்டாரு."

"புளுகாதீங்க மாஸ்டர். பசுவாட்டம் நிக்குது! அப்படி என்ன பண்ணுனாரு?"

"அவங்க ஊரு வழக்கமா குனிஞ்சு வணக்கம் வெச்சாரு."

"இப்படீங்களா?" பூபாலன் நாயின் முன்னால் இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தினான்.

குன்னத்தூர் ஆட்டுப்பட்டியில் வளர்ந்த சாமுராய்க்கு ஒன்று தெரியும்: எதிரே தலையைத் தாழ்த்துவது முட்ட வரும் கிடாதான்.

காது கிழிந்து, ரத்தம் வழிய, சாக்கடையில் மல்லாந்து கிடந்தான் பூபாலன். அங்கமுத்து மறந்தும் குனியாமல் கேட்டார்: "இப்ப நம்புறீங்களா?"

"நடந்ததுதானுங்க சாமி!"