சத்தம் போடாத பெட்டி

பகல் மூன்று மணி வெயில் இரண்டு மேசைகளிலும் விழுகிறது. கட்டப்போகும் வீடுகளைக் கணினியில் படமாக்கித் தருவது அக்கா, தங்கை இருவருக்கும் தொழில். அக்காவுக்கு வேலை கொடுத்துவந்த என்ஜினீயர் இப்போதெல்லாம் தங்கையைத்தான் கூப்பிடுகிறார். தங்கையின் புதுக் கணினி சத்தமில்லாமல் ஓடுகிறது. அக்காவுடையது ஏழு வருடப் பழசு. அதன் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, பிராசஸரின் வேகத்தை அதற்குரிய அளவுக்கு மேல் இன்னும் ஒரு படி ஏற்றுகிறாள். விசிறி இரைகிறது. திரையில் வெப்பம் தொண்ணூறைத் தாண்டுகிறது. "பிராசஸரையும் போர்டையும் மாத்திடுக்கா, இது தாங்காது" என்கிறாள் தங்கை, திரும்பாமலேயே. "எனக்கு இதுவே போதும்டி." சொல்லி வாய் மூடவில்லை, திரை நீலமாகி நின்றுவிடுகிறது. பாதி உருவான மாடிப்படியும் அதோடு போகிறது. தங்கை கவனிக்கவில்லை. தன் படம் முடிந்த நிம்மதியில் சோம்பல் முறித்து, டீ போட எழுந்து போகிறாள். அக்கா மெல்ல வந்து அந்தப் புதுப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். காலையிலிருந்து ஓடியும் அது குளுகுளுவென்று இருக்கிறது. அவளுக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. "அங்க என்னக்கா பண்றே?" இரண்டு கோப்பைகளோடு வாசலில் நிற்கிறாள் தங்கை. "ஒரே தூசிடி" என்று சட்டைக் கையால் அழுத்தித் துடைக்கிறாள் அக்கா, பளபளக்கும் அந்தப் பெட்டியை.