தேனீத் தீவனம்

எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரி உல்மாஸ் லாரியிலிருந்து எடுத்த பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளே பாகு கருஞ்சிவப்பாகத் தளும்பியது.

"எங்க ஊர்ல இதை ஷின்னின்னு சொல்லுவோம் சார். மல்பெரியைக் காய்ச்சிக் காய்ச்சி எடுக்கிறது," என்றாள் மோஹிரா.

"சமர்கந்துலயும் இது ஷின்னிதாம்மா. இந்தக் கேட்டுக்குள்ள வந்துட்டா மட்டும் சர்க்கரைப் பாகு."

சொல்லிக்கொண்டே பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

சட்டப்படி உஸ்பெக் மொழியில் இருந்தது. சரி. எது அதிகமோ அது முதலில்: மல்பெரி, பிறகு சர்க்கரை, பிறகு தண்ணீர். சரி. காய்ச்சிய தேதி, காலாவதித் தேதி, நிழலில் வைக்கவும். அதுவும் சரி.

கடைசி வரியில் அவர் விரல் நின்றது. தயாரிப்பாளர்: ஷாதிபெக்.

"இது யாரு?"

"வீட்டுக்காரரு."

"அவரை வரச் சொல்லு. வர முடியாட்டி வீடியோவுல மூஞ்சியைக் காட்டட்டும். 'என் சரக்குதான், நான்தான் அனுப்பினேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்தப் பாகில் ஷாதிபெக்கின் கை பட்டதே இல்லை. மரத்தடியில் துணி விரித்து உலுக்கியது, பிழிந்தது, செப்பு அண்டாவின் முன்னால் நின்று வெந்தது எல்லாம் மோஹிராதான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், அவள் ஊரான பஞ்சகெந்தில், பசு இருந்தால் அது ஆம்பளையின் பசு. தந்தூர் அடுப்பு இருந்தால் அது ஆம்பளையின் அடுப்பு. பொம்பளை பேரில் ஒன்று இருந்தால் அந்த வீட்டு ஆம்பளை செத்துப்போய்விட்டான் என்று அர்த்தம்.

அதனால் சான்றிதழ் வாங்கியபோதும் சீட்டு அச்சடித்தபோதும் அவன் பேரைத்தான் கொடுத்தாள். கொடுக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சீட்டை மாத்தி என் பேரைப் போட்டுக்கட்டா சார்?"

"சான்றிதழும் அவரு பேருலதானே இருக்கு. அது மாறி வர்றதுக்குள்ள அடுத்த மல்பெரியே பழுத்துடும்."

லாரிக்குள் வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு மூடிகளின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. சரக்கு உள்ளே போனால் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் மாவும். திரும்பிப் போனால் சாக்கடைக்குத்தான்.

"கூப்பிடேன் தங்கச்சி," என்றார் லாரிக்காரர் சஃபர். "ரஷ்யாவுல செங்கல்லுதானே சுமக்கிறான். ஒரு நிமிஷம் முதலாளியா இருந்துட்டுப் போகட்டுமே. மூஞ்சியைக் கழுவிட்டு வரச் சொல்லு, சாரு பயந்துடப் போறாரு."

உல்மாஸே சிரித்துவிட்டார்.

மோஹிரா கைப்பேசியை எடுத்தாள். திரையில் அவன் பேர் வந்தது. கட்டைவிரல் அதற்கு மேலே போய் நின்றது. நின்றபடியே இருந்தது.

"லைன் கிடைக்கலங்க," என்றாள், அழுத்தாமலே.

உல்மாஸ் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இந்தச் சட்டமெல்லாம் மனுஷன் வாய்க்குப் போறதுக்குத்தாம்மா. தேனீத் தீவனம்னு எழுதிக் குடுத்தா தயாரிச்சவர் பேரு வேண்டியதில்ல. ஆனா ஒரு சீட்டு மிச்சமில்லாமக் கிழிச்சுடணும். அப்புறம் எந்தக் கடைக்காரனும் இதைத் தொடமாட்டான்."

"என் மச்சான் தேனீ வளக்கிறவன், வாங்கிக்குவான்," என்றார் சஃபர். "தண்ணி விலைதான் குடுப்பான். இதைக் கொண்டுபோயி ஈக்கு ஊத்துவாங்களா? ஒரு போனு தங்கச்சி. ஒரே ஒரு போனு."

"ஈக்கே போகட்டும்ணே."

லாரியின் நிழலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சீட்டுகளை உரித்தாள். மாவுப் பசை. நன்றாகத்தான் ஒட்டியிருந்தாள். பேர் இருந்த மூலை மட்டும் லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

சஃபரும் பக்கத்தில் குந்தி ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"அப்படி என்ன ரோஷம் உனக்கு? கட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கிறதுல என்ன குறைஞ்சுபோயிடும்?"

அவள் அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

போன மாதம் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன்தான். ஒரே வார்த்தை, மூன்று தடவை. தலாக், தலாக், தலாக். பிறகு வைத்துவிட்டான். ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாது.

அப்போது அவள் இந்தச் சீட்டுகளைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். பாதி பாட்டில்கள் மீதமிருந்தன. பசை காய்ந்துவிடுமே என்று, எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.