சீமாட்டியின் பாலைக் குடித்தது யார்?

"அசையாதீங்கக்கா! அப்படியே உட்காருங்க!"

ஆட்டுக் கொட்டகை வாசலில் டார்ச்சோடு நின்றாள் அந்த வீட்டுப் பெண். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆனால் 'வக்கீல்' என்ற பட்டத்தைப் பேச ஆரம்பித்த வயதிலேயே வீட்டில் கொடுத்துவிட்டார்கள்.

விடிந்தும் விடியாத நேரம். சீமாட்டியின் வயிற்றுக்குக் கீழே குந்தியிருந்தாள் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. சீமாட்டி என்பது ஆடு.

பத்து நாளாகச் சீமாட்டியின் பால் பாதியாகிவிட்டது. இரண்டு லிட்டர் கறந்தவள் ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டாள். குட்டிகளைத் தனிக் கூண்டில் அடைத்துப் பார்த்தார்கள். தீவனத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஏறவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் கறிக்கடைக்குத்தான்" என்று எல்லார் முன்னாலும் அம்மா சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். ஹெல்மெட் போடாமல் போனார் என்று அப்பாவின் மோட்டார் சைக்கிளையே விற்றவள்.

வக்கீலுக்கு ரத்தம் கொதித்தது. விசாரணையே இல்லாமல் மரண தண்டனையா? எவரோ திருடுகிறார்கள், பழி ஆட்டின் மேலா?

இதோ, சனிக்கிழமை காலை, திருடி கையும் களவுமாக.

அக்காவைச் சமையலறையில் நிறுத்தி, அம்மாவையும் அப்பாவையும் எழுப்பி உட்காரவைத்தாள்.

"சொல்லுங்கக்கா. பத்து நாளா பாலைக் கறந்தது நீங்கதானே?"

அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே ஆட்டைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. நான்தான்."

"பாத்திரம் எங்கே?"

"பாத்திரமா?"

"கறந்த பால் எதுல போச்சு?"

அக்கா விழித்தாள். "நேராவே குடிச்சுட்டேன்."

"நேராவேன்னா?"

"வாயை வச்சு."

அப்பாவுக்கு டீ புரையேறியது.

"சரி, ஆட்டுக் கழுத்துல எதுக்கு அளவெடுக்கிற டேப்பு?"

"அது... ஓடிடாம இருக்க, பிடிச்சுக்கறதுக்கு."

பிறகு வக்கீல் பேசினாள். பதினைந்து நிமிடம். வாயில்லா ஜீவன், பக்கத்து வீட்டு நம்பிக்கை, பெண்ணுக்குப் பெண்ணே துரோகம் (ஆடும் பெண்தானே) என்று ஒன்றையும் விடவில்லை. அக்கா தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"தப்புதான் வக்கீல். என்னை என்ன வேணா சொல்லு. ஆட்டை மட்டும் அனுப்பிடாதீங்க."

அம்மா, "நாளைக்கு முழுப் பால் வரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று மாலையே கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள் வக்கீல்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தன் வெற்றியை ஒருமுறை கண்ணால் பார்க்கலாமே என்று பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

உள்ளே சீமாட்டி பின்னங்காலை அகட்டினாள். கழுத்தை வளைத்தாள், வளைத்தாள், இன்னும் வளைத்தாள். தன் காம்பைத் தானே கவ்விக்கொண்டு, கண்ணை மூடி, சப்பு சப்பென்று குடித்தாள். யோகா வாத்தியார் தோற்றார்.

வக்கீல் பலகையிலிருந்து கண்ணை எடுத்தாள். தன் பாலைத் தானே குடிக்கும் ஆட்டை எவர் வைத்துக்கொள்வார்கள்? கழுத்து வளையாதபடி பட்டை தைத்து மாட்டத்தான் அக்கா அளவெடுத்திருக்கிறாள். அதைச் சொன்னால் ஆடு போய்விடும் என்றுதான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சை வாய்க்குள் திரும்பப் போட்டுக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அம்மா வாளியோடு வந்தாள். பூட்டைத் திறந்து, உட்கார்ந்து, கறந்தாள். ஒரு லிட்டர்.

"பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. தையல்காரி அவ வீட்டுல இருக்கா. இப்ப யாரு குடிச்சது?"

வாசலில் கறிக்கடைக்காரரின் வண்டி வந்து நின்றது.

"நான்தாம்மா" என்றாள் வக்கீல்.

"நீயா? ஆட்டுப்பால் வாடை பட்டாலே ஓங்கரிப்பியே!"

"இப்ப பழகிடுச்சு."

"எப்படிக் குடிச்ச?"

வக்கீல் பெருமூச்சு விட்டாள். "நேரா. வாயை வச்சு."

"அவ பொய் சொல்றா" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல். "நான்தான் குடிச்சேன். டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர்."

அம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். வக்கீல் சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஆட்டு மேல ஒரு தப்பும் இல்லண்ணே" என்று வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. "எங்க வீட்டுலதான் எல்லாம் திருட்டுக் கூட்டம். நீங்க போயிட்டு வாங்க."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வந்து, தொப்பென்று வைக்கோலில் உட்கார்ந்தாள்.

"அப்பாடா! வீறாப்பா ஒரு வார்த்தை விட்டுட்டேன், எப்படித் திரும்ப வாங்கறதுன்னு தெரியாம முழிச்சுட்டிருந்தேன். இவ குடிக்கறதைப் பார்த்து ஒரு வாரம் ஆச்சு. நீங்க ஒத்துக்காம இருந்திருந்தா, இன்னிக்கு நானே வாயை வச்சேன்னு சொல்லியிருப்பேன்!"