வெளிச்சம் விழுந்த முகம்

“அம்மா, இந்தப் படத்திலை வெளிச்சம் எங்கயிருந்து வருதெண்டு பாத்தனீங்களோ?”

போதகர் கிளரன்ஸ் கேட்டதும், முன்வரிசை வாங்கில் இருந்த மீனாம்பிகை நிமிர்ந்தார். கோயிலில் பூசிய திருநீறு நெற்றியில் இன்னும் காயவில்லை.

அச்சுவேலிப் பக்கத்துச் சின்னத் தேவாலயம் அது. சபையில் பாதிக் குடும்பங்கள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளரன்ஸ் வெறும் வாங்குகளைப் பார்த்துத்தான் பிரசங்கம் செய்வார். மனைவி இறந்த பிறகு வீட்டிலும் கதைக்க ஆளில்லை. இந்தச் சைவப் பெண்மணி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, சிலுவைக் காட்சி ஓவியத்தின் முன்னால் அமர்வார். கண்ணீர் தன்பாட்டுக்கு வழியும். ஆண்டவர் அவரை அழைக்கிறார் என்று கிளரன்ஸ் நம்பினார். வெள்ளிக்கிழமைகளில் போதகரின் கண் வாசலிலேயே இருக்கும். ஞானஸ்நானம் பற்றி இன்று கேட்டே விடுவது என்றிருந்தார்.

“வானம் முழுக்க இருட்டு. இயேசுவின்ரை முகத்திலையிருந்துதான் வெளிச்சம் வருது. அது கீழ நிக்கிற போர்ச்சேவகன்ரை முகத்திலை விழுது, பாருங்கோ.”

“ஓம் ஐயா. அதைத்தான் பாக்கிறன்.”

கிளரன்சுக்கு உற்சாகம் பொங்கியது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு, தான் சொல்வதைக் கேட்க ஓர் ஆள்!

“இவர் தேவகுமாரன் எண்டு அவனுக்கு அப்பதான் விளங்குது. அந்தக் கண்ணிலை தெரியிறது மனந்திரும்புதல்.”

“இல்லை ஐயா.” மீனாம்பிகை மெல்லச் சிரித்தார். “அது பசி.”

“ஆத்துமப் பசி! வடிவாச் சொன்னியள். உங்களையும் ஆண்டவர்தான் இஞ்ச கூப்பிட்டவர். ஞானஸ்நானம் எடுக்க விருப்பமோ, அம்மா?”

மீனாம்பிகை எழுந்து, போதகரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“குறை நினையாதேங்கோ ஐயா. இந்தப் படத்தைக் கீறினவர் ஊர்ப் பெடியளை நிப்பாட்டி வைச்சுத்தான் கீறினவர். இந்தச் சேவகனுக்காக நிண்டவன் விடியத் துவங்கிச் சாப்பிடேல்லை, நான்தான் சோறு கொண்டு வந்தனான். இடம்பெயர்ந்து போன நேரம் வீடு, போட்டோ அல்பம் எல்லாம் எரிஞ்சு போச்சு, பிறகு அவனும் காணாமல் போயிட்டான். என்ரை பிள்ளையின்ரை முகம் இந்த உலகத்திலை இஞ்ச மட்டுந்தான் ஐயா இருக்கு.”