அழிக்க வேண்டிய வீடியோ

ஆலையின் பயிற்சி வீடியோக்களில் பழசாகிப்போனதை அழிப்பது என் வேலை. புது பிரஸ் மெஷின் வந்துவிட்டதால், பழைய மெஷினைப் பற்றி என் கணவர் பேசிய வீடியோவும் போக வேண்டும். அவர் இறந்து ஏழு வருடமாகிறது.

"மனசு வரலைன்னா நான் அழிச்சிடட்டுமாக்கா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"இரு, ஒரு தடவை பாத்துக்கறேன்."

வீடியோவில் அவர் நின்றிருந்தது பழைய மெஷின் அருகே இல்லை; இப்போது வந்திருக்கும் புது மெஷின் அருகே. "சிவப்பு பட்டனை அமுக்கினாலும் இது உடனே நிக்காது. உள்ளே கையை விட்டுடாதீங்க" என்றார்.

ஃபோர்மேனுக்குப் போன் செய்து, புது மெஷினின் சிவப்பு பட்டனைச் சோதிக்கச் சொன்னேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நிக்கல! யாரு சொன்னது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்."

ஃபோர்மேன் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

திரையில் என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுகறுவென்ற மீசையோடு போனவருக்கு, இப்போது அந்த மீசை என் தலையைப் போலவே பாதி நரைத்திருந்தது.