தலையில்லாத பொம்மைக்குப் பொட்டு

ஆயுதபூசை அன்று தையல் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்த வேலாத்தாள், வெளிநாட்டுக் கம்பெனி அளவு பார்க்க அனுப்பியிருந்த தலையில்லாத பொம்மையின் நெஞ்சிலும் ஒன்றை வைத்தாள். அதன் அளவுக்குத்தான் ஊரே தைக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் பேசிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனி வெள்ளைக்காரி அதைக் கண்டு கத்தினாள்.

"அழுக்காம். உடனே தொடைக்கச் சொல்றாங்க," என்றார் மேனேஜர் கிரிதரன்.

"ஏனுங் சார், இதுவும் எங்ககூட வேலை செய்யறதுதானுங்களே? தொடைக்க மாட்டனுங்க."

"ஆர்டரே போயிரும், வேலாத்தா!"

"போனாப் போவுதுங்க."

பொட்டு வைக்காத கருவி என்று அங்கே பாக்கியிருந்தது அந்தத் திரை ஒன்றுதான். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு நேரே போனவள், வெள்ளைக்காரியின் நெற்றியில் அழுத்தி வைத்தாள். முகம் அசைந்து அசைந்து அதட்டியது. பொட்டு அசையவில்லை.